நெஞ்சைக் கொத்தும் தங்கப் பறவை

போன மாதம் மலாக்கா நூலகம் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. பழைய புத்தகங்களின் அட்டையில் இருக்கும் தங்க அலங்காரங்களைப் படம் பிடித்து வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘பொருள்’ என்று ஒரு சின்னக் கட்டம் விட்டிருந்தார்கள். திராட்சைக் கொடிக்கு என்ன பொருள், மாதுளைக்கு என்ன பொருள், வௌவாலுக்கு என்ன பொருள். முப்பத்து நான்கு வருடம் புத்தகம் கட்டும் பட்டறையில் இருந்தவளைக் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

படிவத்தை அனுப்பிய பெண் போனில் பேசினாள். “ஆண்டி, ரொம்ப யோசிக்காதீங்க. ஒரே வரி எழுதினா போதும்லா. கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அதான்.”

எழுதினேன். திராட்சையும் கோதுமைக் கதிரும் கிறிஸ்தவர்களின் திருவிருந்து. வௌவால் சீனர்களுக்கு அதிர்ஷ்டம். பாபா என்று சொல்லும் மலாக்காவின் பழைய சீனக் குடும்பங்களின் புத்தகங்களில் நான்கு மூலையிலும் பறக்கும். மலாய்க்காரர்களின் பழைய ஓதும் புத்தகங்களில் அட்டையின் நடுவில் இருக்கும் வட்டம் சூரியன். ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். ஒரே ஒரு படத்துக்குப் பக்கத்தில் மட்டும் பேனா நகரவில்லை. தன் நெஞ்சைத் தானே அலகால் கொத்தும் ஒரு பறவை, காலடியில் குஞ்சுகள். அதன் பொருள் எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு வரியில் சொல்லத்தான் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் உளி பிடித்துப் பால்மரம் சீவியவள். பட்டையைக் காகிதம் மாதிரி சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கணக்கெழுதும் கிராணி வாயில் வசவு. அந்தக் கையோடுதான் பட்டணத்துக்கு வந்து பட்டறையில் சேர்ந்தேன். முதல் ஆறு வருடம் தாள் மடிப்பதும் நூலால் தைப்பதும். அதில் சொல்ல ஒன்றுமில்லை, விரல் நுனி காய்த்துப் போனதைத் தவிர. பிறகு ஒருநாள் முதலாளி என்னைத் தங்க மேசைக்கு மாற்றினார்.

முதலாளி மிஸ்டர் சியா. மலாக்கா பாபா, வீட்டிலேயே மலாய்தான் பேசுவார். என்னிடமும் மலாய், நடுவில் இருபது தமிழ் வார்த்தை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நம் வேலையின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் திரும்பி வந்து எடுக்கும்வரை அந்த வேலையைத் தொடக் கூடாது. சில நாள் பத்து நிமிடம், சில நாள் சாயங்காலம் வரை. அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு நாலு வார்த்தை திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவரிடம் ஒரு கேள்விதான் உண்டு. “மானா தாவு?” எப்படித் தெரியும் என்று அர்த்தம். இந்தத் தோல் ஆட்டுத் தோல் என்று சொன்னால், மானா தாவு. இந்தப் பசை காய்ந்துவிட்டது என்றால், மானா தாவு. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போய், மாப்பிள்ளை நல்லவர் என்று சொன்னபோதும் அதையேதான் கேட்டார். நல்லவேளை, அந்த விஷயத்தில் நான் சொன்னது சரியாக இருந்தது.

தங்க வேலை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். முதலில் முட்டையின் வெள்ளைக்கருவில் சில சொட்டு வினிகர் விட்டு அடித்து, நுரை அடங்க வைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். அதுதான் தங்கத்தைப் பிடித்து வைக்கும் பசை. இரண்டு நாள் போனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். தோலின் மேல் முதலில் சூடான பித்தளை அச்சால் வெறுமனே அழுத்திப் பள்ளம் எடுப்போம். பள்ளத்தில் இந்தப் பசையைத் தூரிகையால் தடவி, காயவிட்டு, அதன் மேல் துளி தேங்காயெண்ணெய், அதற்கு மேல் தங்க ரேக்கு, மூச்சுக் காற்றுக்கே பறக்கும் மெல்லிய தங்கத் தகடு. ரேக்கை எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், மூச்சையும் பாதி நிறுத்த வேண்டும். மலாக்கா வெயிலில் விசிறி இல்லாமல் அறையைச் சாத்திக்கொண்டு உட்காருவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அதே அச்சை மறுபடி சுடவைத்து, ஈரப் பஞ்சில் தொட்டுச் சத்தம் கேட்போம். ‘ஸ்ஸ்’ என்று சின்னதாக வந்து நின்றால் சரியான சூடு. பொரிகிற சத்தம் வந்தால் தோல் கருகும். சத்தமே வராவிட்டால் தங்கம் ஒட்டாது. எடுத்த பள்ளத்திலேயே மயிரிழை பிசகாமல் மறுபடி அழுத்தி, மிச்ச ரேக்கை மெல்லிய கம்பளித் துணியால் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் தங்கம் நிற்கும். ஒருமுறை சுட்டது சுட்டதுதான். அழிப்பான் கிடையாது.

அந்த மேசைக்கு வந்த புதிதில், கிறிஸ்தவக் கோயில் ஒன்றிலிருந்து வந்த பாட்டுப் புத்தகத்தின் முதுகில் ஒரு பழம் இருந்தது. உருண்டையாக, தலையில் கிரீடத்தோடு. நான் அதை வேலைச்சீட்டில் ‘மங்குஸ்தான்’ என்று எழுதி வைத்தேன். மிஸ்டர் சியா படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது மாதுளை. உள்ளே நெருக்கமாக அத்தனை விதை இருப்பதால் சபையில் கூடியிருக்கும் மக்களுக்கு அடையாளமாம். “தேவகி, ஐரோப்பாக்காரன் நானூறு வருஷம் முன்னால மங்குஸ்தான் எங்க பார்த்தான்? மானா தாவு?” என்றார். நானும் சிரித்தேன். நமக்குத் தெரிந்ததைத்தான் கண் பார்க்கும் என்று அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

ஞானம்மா அவர்கள் வந்தது அதற்கு வெகு வருடம் கழித்து. அப்போது தங்க மேசை முழுக்க என் பொறுப்பு. வெளியூர் நூலகங்களெல்லாம் என் பெயரைச் சொல்லிப் புத்தகம் அனுப்பிய காலம். தலையில் கொஞ்சம் கனமும் இருந்தது, மறைப்பானேன்.

பாயா ரும்புட்டிலிருந்து மகன் காரில் அழைத்து வந்தார். எழுபது வயது இருக்கும். இனிப்பு நீர் வியாதியால் கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டிருந்தது. மடியில் ஒரு துண்டில் சுற்றிய ஜெபப் புத்தகம். அவர் தாத்தா தோட்டத்து உபதேசியாராக இருந்தவராம். ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. நல்ல பழுப்புத் தோல் அட்டை. ஓரமெல்லாம் திராட்சைக் கொடி, நடுவில் ஒரு பறவை. முதுகு பிளந்து தாள்கள் கழன்று தொங்கின.

“முதுக மட்டும் ஒட்டிக் குடுங்கம்மா. தாள் விழுந்துறாம இருந்தா போதும்” என்றார். மகனும் அதையே இரண்டு தடவை சொன்னார்.

அந்த வாரம் மிஸ்டர் சியா சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தார், பேரன் பிறந்திருந்தான். நான் முதுகை அழகாகக் கட்டி முடித்தேன். வழக்கப்படி ஆரம்பத்திலேயே அட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அலங்காரத்தின் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அட்டை எந்த நிலையில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வேலை முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அந்தப் பறவை என் கண்ணை உறுத்தியது. ஓரத்துக் கொடியில் தங்கம் அப்படியே இருக்க, பறவையில் மட்டும் தேய்ந்து போயிருந்தது. தலை இருந்த இடம் வழவழப்பாகிவிட்டது. கழுத்து வளைந்திருப்பது தெரிந்தது. கீழே மூன்று மேடு, அதில் பொட்டுத் தங்கம்கூட இல்லை. பாவம், கண் தெரியாத அம்மா, கடைசிக் காலத்தில் புத்தகம் பளபளவென்று இருக்கட்டுமே என்று எனக்குள் ஒரு பாசம் பொங்கியது. சொல்லாமல் செய்துகொடுத்துச் சந்தோஷப்படுத்த நினைத்தேன்.

வளைந்த கழுத்து என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் உச்சியில் நிற்பது அன்னம். என் கூறைப்புடவைக் கரையில் வரிசையாகப் போனது அன்னம். அன்னத்துக்குக் கீழே மூன்று மேடு என்றால் தாமரை மொட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நல்ல அகலமான உடம்பும், நிமிர்ந்து வளைந்த கழுத்தும், காலடியில் மூன்று மொட்டுமாக ஒரு அன்னத்தை இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்தேன். என் வாழ்நாளில் செய்த மிக நேர்த்தியான தங்க வேலை அதுதான். அதைச் சொல்லவே இப்போது கூசுகிறது.

வாங்கிப்போக வந்த அன்று ஞானம்மா புத்தகத்தை மடியில் வைத்து முதுகைத் தடவினார். முகம் மலர்ந்தது. பிறகு வலது கைக் கட்டைவிரல், யாரும் சொல்லாமலே, அட்டையின் நடுவுக்கு வந்து கீழே இறங்கியது. அங்கே நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது.

“குஞ்சுங்க எங்கம்மா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “எந்தக் குஞ்சும்மா?”

“இங்க மூணு குஞ்சு இருக்கும்லா. வாயத் தொறந்துகிட்டு. வெரலுக்கு நல்லாத் தெரியும்.”

மகன் குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. “ஒங்கள யாரு தங்கம் வெக்கச் சொன்னது? முதுகதான ஒட்டச் சொன்னோம். ரெண்டு தடவ சொன்னேன்ல.”

“நீ சும்மா இருடா. அவங்க நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சிருக்காங்க” என்றார் ஞானம்மா. மகன் திட்டியது எனக்கு வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

பிறகு அவர் சொன்னார், கோபமே இல்லாமல், ஏதோ என்னைச் சமாதானப்படுத்துவது போல. “ஜப்பான்காரன் காலம்மா. அப்பாவச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டானுங்க. அம்மாவும் நாங்க மூணு பேரும்தான். நான் பெரியவ, ரெண்டு தம்பிங்க. மரவள்ளிக்கெழங்க அவிச்சி எங்களுக்குக் குடுத்துட்டு, நான் அடுப்பாண்டயே சாப்ட்டுட்டேன்னு சொல்லும் அம்மா. அது சாப்ட்டத நாங்க ஒருநாளும் பாக்கல. சாயங்காலம் ஜெபம் சொல்றப்ப எங்க வெரலப் புடிச்சி ஒவ்வொரு குஞ்சு மேலயும் வெக்கும். இது நீ, இது தம்பி, இது சின்னவன்னு. பசிச்ச குஞ்சுக்குத் தன் நெஞ்சக் கிழிச்சி ரத்தம் குடுக்குற பறவையாம். பெரிய பறவ யாரும்மான்னு கேட்டா, சேசு சாமின்னு சொல்லும். எங்க மூணு பேருக்கு மட்டும் அது அம்மாதான்.”

விரல் மறுபடி அட்டையின் நடுவுக்குப் போனது.

“ஜப்பான்காரன் போறதுக்கு முன்னாடியே அம்மா போயிடுச்சி. போட்டோ கெடையாது. தம்பிங்களும் இப்ப இல்ல. இதத் தடவிப் பாத்தாத்தான் எனக்கு அம்மா மொகம் வரும்.”

நான் எதைத் துடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தங்கம் தேய்ந்த அந்த இடம் பழுதில்லை. மூன்று பிள்ளைகள் ஆயுள் முழுக்கத் தொட்டுத் தொட்டு வந்த தேய்மானம். அதன் மேல்தான் நான் அன்னத்தைச் சுட்டு வைத்திருந்தேன். ஒரு கிழவி தன் அம்மாவைப் பார்க்க இருந்த ஒரே வழியை, பாசத்தோடு, பளபளவென்று அடைத்துவிட்டிருந்தேன். புத்தகத்தைக் கொஞ்ச நாள் விட்டுப் போகும்படி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். மகன் மறுத்தார். ஞானம்மாதான் விட்டுப் போனார்.

திங்கட்கிழமை மிஸ்டர் சியா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அன்னத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நான் எடுத்து வைத்திருந்த பென்சில் பிரதியை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து என்னிடம் காட்டினார். மேட்டின் உச்சியில் இரண்டாகப் பிரிந்த சின்னக் கோடுகள். மேலே பார்த்துத் திறந்த அலகுகள். மூன்றிலும் இருந்தன. பெரிய பறவையின் தலை நிமிரவே இல்லை, நெஞ்சில் குனிந்திருந்தது. உடம்பு ஒல்லி, என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. எல்லாம் என் கையிலேயே இருந்தது. நான் பார்க்காமல் எடுத்து வைத்திருந்தேன்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

“மேலே மெல்லிசாப் புதுத் தோல் ஒட்டி, புதுசா வரையலாம்” என்றார் மலாயில். “ஆனா நீ போய் அந்த அம்மாகிட்டக் கேக்கணும். போன்ல வேண்டாம்.”

பஸ் ஏறி பாயா ரும்புட் போனேன். ஞானம்மா கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “தோல மாத்தாதம்மா. அம்மா கை பட்ட தோலு. அதுலயே என்ன முடியுதோ செய்யி.”

அதிலேயே செய்வதென்றால், சுட்ட கோடு எதுவும் மறையாது. ஒவ்வொரு கோட்டையும் புதுப் பறவைக்குள் எங்காவது குடிவைக்க வேண்டும். மிஸ்டர் சியாவும் நானும் ஒரு தாளில் என் அன்னத்தை நீல மையிலும், பழைய பறவையைக் கறுப்பு மையிலும் வரைந்து, மணிக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்தோம். அன்னத்தின் நிமிர்ந்த கழுத்தை என்ன செய்வது? அவர்தான் கண்டுபிடித்தார். அது தூக்கிய இறக்கையின் விளிம்பாகட்டும் என்றார். குனிந்த கழுத்தைப் புதிதாக எடுக்கலாம். மொட்டுகளின் நுனியைப் பிளந்தால் அலகாகும். உடம்புதான் சிக்கல். நான் அன்னத்துக்குப் போட்ட அகலமான வயிற்றைச் சுருக்க வழியே இல்லை. ஈரப்பஞ்சு வைத்து, எலும்புக் கத்தியால் பள்ளத்தை நிமிண்டி உயர்த்திப் பார்த்தோம். தோல் கொஞ்சம்தான் எழும்பியது. கருகிய கோடு அப்படியே நின்றது.

“பறவை குண்டாத்தான் இருக்கும்” என்றார் மிஸ்டர் சியா.

பழைய தோலில் ஒரு புள்ளி வைக்கும் முன் கழிவுத் தோலில் அதே புள்ளியை நூறு தடவை வைத்துப் பழகினேன். கழுத்து, இறக்கை, நெஞ்சில் ஒரே ஒரு ரத்தத் துளி. ஈரப் பஞ்சில் இரண்டு தடவை சத்தம் கேட்ட பிறகுதான் அச்சைத் தோலுக்குக் கொண்டுபோனேன். மூன்று நாள் விசிறி இல்லாத அறையில் வியர்வை தோலில் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும் பாடாக இருந்தது. மிஸ்டர் சியா அச்சைத் தொடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார், பக்கத்தைத் திருப்பாமல்.

குஞ்சுகளில் என்ன தங்கம் இருந்ததோ அதை ஊசி முனையால் சுரண்டி எடுத்துவிட்டேன். அலகுகளை வெறும் சூட்டால் மட்டும் அழுத்தினேன், விரலுக்குத் தெரியும்படி கொஞ்சம் ஆழமாக. அங்கே தங்கம் வேண்டாம் என்று நானாகத்தான் முடிவு செய்தேன். மிஸ்டர் சியா எட்டிப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையின் வேலைச்சீட்டில் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்தது: இந்தப் புத்தகத்தை யார் தொடுகிறார்கள், எந்த இடத்தில்? சிலர் சிரித்தார்கள். நாங்கள் கேட்டு எழுதிக்கொண்டுதான் புத்தகத்தை உள்ளே எடுத்தோம்.

புத்தகத்தைக் கொடுக்க மறுபடி பஸ் ஏறினேன். மிஸ்டர் சியாவும் கூட வந்தார், அழைக்காமலே. ஞானம்மா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் வாசலில் நின்று, உள்ளே வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

துண்டைப் பிரித்துப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். கட்டைவிரல் நேராகக் கீழே போனது. முதல் அலகைத் தொட்டு நின்றது. “சின்னவன்” என்றார். அடுத்தது. “தம்பி.” மூன்றாவதில் ரொம்ப நேரம் இருந்தது. அதற்கு அவர் பெயர் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தைரியம் இல்லை.

பிறகு விரல் மேலே ஏறியது. குனிந்த தலை, நெஞ்சு, அந்த ஒரு துளி. அங்கிருந்து வயிற்றின் வளைவைச் சுற்றி வந்தது. ஒருதடவை. மறுபடி இன்னொரு தடவை, மெதுவாக. புருவம் சுருங்கியது.

“அம்மா சத போட்டிருக்கு” என்றார்.

“மன்னிச்சிருங்கம்மா” என்றேன். “நான் மொதல்ல சுட்ட கோடு. எவ்வளவோ பாத்தோம், அதக் கொறைக்க முடியல.”

அவர் உள்ளங்கையை விரித்து அந்த வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

“கொறைக்காதம்மா. இப்பவாச்சும் சாப்ட்டிருக்கு.”